மலாக்கா லயன்: பாட்டி ஏறாத மேடு

தம்பின் பேரன்
எங்கள் தோட்டம் தம்பினுக்குக் கீழே, மலாக்கா போகிற வழியில். அப்போது ரப்பர், இப்போது செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகும் மண்மேட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1905-ல் போட்ட தம்பின்–மலாக்கா ரயில் பாதை, மலாக்கா லயன் என்போம். போர்க்காலத்தில் ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்து, பர்மாவுக்கு ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனது தெரிந்த கதைதான். மலாயாவிலேயே பழைய கிளை இதுதான் என்பார் எங்கள் தோட்டத்துக் கணக்கர், கிராணி.

பள்ளிக்கூடத்துக்கு அந்த மேடுதான் குறுக்குவழி. பாட்டி மட்டும் கீழே லாலான் புல்லில், சேலை நனைய நனைய நடப்பார். ஒருநாள் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். வெடுக்கென்று உதறிவிட்டார். “உங்க தாத்தாவோட அண்ணன் இந்த லயன்லதான் வேலை பார்த்தாரு. அவரு தட்டிப் பார்த்த கம்பி முன்னால சயாம் போச்சு, அவரு பின்னால போனாரு.”

அதே கம்பியை அங்கேயும் அவரே தூக்கியிருப்பாரோ? இன்றும் உறுத்துகிறது.

செபத்தாங் ராஜா
கிராணி சொன்னது தப்பு. தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை 1885 ஜூன் 1-லேயே திறந்தாச்சு. எட்டு மைல், லாரூட் வட்டாரத்து வெள்ளீயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. போட்டவர்கள் சிலோனிலிருந்து வந்த பயனியர் படை. மலாக்கா லயன் அதற்கு இருபது வருஷம் இளையது.

போர்ட் வெல்ட் என்ற ஊர் பெயரே கோலா செபத்தாங் ஆகிவிட்டது, ஸ்டேஷன் பலகை மட்டும் நிற்கிறது, தமிழிலும் எழுதியிருக்கும். மகள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ரயில் எங்கப்பா?” என்றாள். பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய சர்வேயர்
எது மூத்தது என்ற சண்டை அப்புறம். தம்பி, மறுநடவு வருவதற்குள் மேட்டைப் போய்ப் பாருங்கள். டிராக்டர் இறங்கினால் ஒரே நாளில் சமமாகிவிடும். போருக்கு முந்திய சர்வே மேப் கிடைத்தால் மேடு போகும் தடத்தை அதில் வைத்துப் பாருங்கள். தண்டவாளம் போனாலும் மதகு போகாது. ஓடை குறுக்கிடும் இடமாகத் தேடுங்கள். கருங்கல் ஜல்லி கிடந்தால் எடுக்காதீர்கள், படம் போதும். பெரியவர்கள் பேச்சைப் போனில் பதிந்து வையுங்கள். சயாம் பாதை 415 கிலோமீட்டர். அங்கே செத்த தோட்டத்து ஆட்களுக்குச் சரியான கணக்கே இல்லை. என் பெரியப்பாவும் அதில் ஒருவர்.

தம்பின் பேரன்
சரி ஐயா, கிராணி தோற்றார். பதிவு செய்யப் பாட்டி இல்லை. மதகு இருக்கிறது. மேட்டில் ஏறவே மாட்டார், ஆனால் மழை வந்தால் அதற்கு அடியில்தான் என்னை அணைத்துக்கொண்டு ஒதுங்குவார்.