சைனிக் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு: பொறுப்பா, படிப்பா?

கேள்வி:
உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியில் (மாணவர்களை ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி) என் மகன் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்கிறான். இறுதியாண்டில் விடுதித் தலைவர் பொறுப்பை ஏற்றால், என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வுக்கான படிப்பு பாதிக்கப்படுமா?

பதில் 1:
அம்மா, நானும் ஒரு சைனிக் பள்ளியில் படித்தவன். எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600 என மொத்தம் 900 மதிப்பெண்கள். அதில் தேறியவர்களுக்கு ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கும் அதே 900 மதிப்பெண்கள். அங்கே ஒரு பலகை, கயிறு, மரக்கழி ஆகியவற்றைக் கொடுத்து, தரையைத் தொடாமல் குழுவாகத் தடையைக் கடக்கச் சொல்வார்கள். விடுதித் தலைவனாக அதிகாலையில் ஆறாம் வகுப்புப் பையன்களை எழுப்பி, ஷூ பாலிஷைச் சரிபார்த்து, அணிவகுப்புக்கு நேரத்தோடு கொண்டுபோய் நிறுத்திப் பழகியவனுக்கு, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து அந்தப் பலகையைத் தூக்குவதில் தயக்கம் இருக்காது.

பதில் 2:
முந்தைய கருத்தை ஏற்கிறேன். ஆனால் எழுத்துத் தேர்வில் தேறாதவருக்கு நேர்காணலே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். யு.பி.எஸ்.சி. இத்தேர்வை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. கணிதத்தில் பின்தங்கிய மாணவன், மாலைப் படிப்பு நேரத்தை விடுதித் தம்பிகளின் சண்டைகளைத் தீர்ப்பதிலேயே கழித்துவிடக் கூடாது. (நான் கழித்தேன்.)

கேட்டவர்:
நன்றி. அவனுக்குக் கணிதம் நன்றாகவே வரும். அதிகாலையில் எழுவதுதான் சிரமம்.