குழித்துறை முதல் தேங்காய்ப்பட்டணம் வரை துடுப்புப் படகுத் தடம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆற்றோரத்தான், முஞ்சிறை

அனைவருக்கும் வணக்கம். முஞ்சிறையையும் மங்காட்டையும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பதினான்கு பேர் சேர்ந்து, ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைத் தாமிரபரணியில் துடுப்புப் படகு ஓட்டி வருகிறோம். எங்களுள் ஆசிரியர், தச்சர், கல்லூரி மாணவர், கடலுக்குப் போகிறவர் எனப் பலரும் உண்டு. ஒரு வள்ளமும், பழையதாக வாங்கிய நான்கு கயாக்குகளும் எங்களிடம் இருக்கின்றன. குழித்துறைச் சப்பாத்துக்கு, அதாவது ஆற்றின் குறுக்கேயுள்ள தாழ்வான பாலத்துக்கு, கீழே இறங்கி, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு வெகு முன்னதாகவே கரையேறிவிடுகிறோம். இந்தத் தூரத்தை, வெளியூரிலிருந்து ஒருவர் படகோடு வந்தாலும் வழி கேட்காமல், ஆபத்தில்லாமல் ஓட்டிச் செல்லக்கூடிய நிலையான நீர்த்தடமாக ஆக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பூவாற்றில் நடப்பதுபோல மோட்டார் படகில் ஆளேற்றிச் சுற்றிக்காட்டும் தொழில் எங்கள் நோக்கமல்ல.

செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன்பு ஏழு இடங்களில் மரப்பலகை நட்டோம். வெள்ளம் மூன்றைக் கொண்டுபோயிற்று. அவற்றில் ஒன்று எதிர்க்கரையில் ஓர் ஆட்டுக்கொட்டிலின் கதவாக இருப்பதைப் பின்னர் கண்டோம்; நல்ல அயினிப் பலகை என்பதால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆகாயத்தாமரையை இரண்டு ஞாயிறு முழுவதும் வாரினோம். ஆறு வாரத்தில் பழையபடி மூடிக்கொண்டது. இப்போது குழுவில் பாதிப் பேர் வருவதில்லை. பலகையையும் படகையும் விட்டு, முதலில் எதில் கை வைக்க வேண்டும்? பராமரிப்பை எப்படிப் பங்கிட்டால் ஆட்கள் நிலைப்பார்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், மார்த்தாண்டம்

தம்பி, வேறெதற்கும் முன்பாகத் தடுப்பணையை யோசியுங்கள். பரக்காணியில் கட்டியிருப்பது, கடலின் உப்புநீர் ஆற்றில் மேலேறிக் குடிநீரைக் கெடுக்காமல் இருப்பதற்கான அணை. மேலிருந்து படகில் வருபவருக்கு அணை என்று ஒன்று கண்ணில் படாது. நீர்ப்பரப்பு ஒரு கோடாக முடிவது மட்டுமே தெரியும், அதுவும் கவனித்துப் பார்த்தால்தான். நீர் நிறைந்து வழியும் நாளில், அணையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் பாய்ந்து, சற்றுத் தள்ளி மேலெழுந்து, மேற்பரப்பில் மீண்டும் அணையை நோக்கியே ஓடும். அந்தச் சுழலில் அகப்பட்ட மரக்கட்டை நாள் முழுவதும் அதே இடத்தில் உருண்டுகொண்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆளுக்கும் அதே கதிதான். மிதவைச் சட்டை அணிந்திருந்தாலும் வெளியே வருவது அரிது. இதற்கு அணை உயரமாக இருக்க வேண்டியதில்லை, இடுப்பளவு வீழ்ச்சியே போதும்.

ஆகவே அணைக்கு மேலே, படகைக் கரையேற்றும் இடம் ஒன்றும், அதைத் தூக்கிக்கொண்டு அணையைச் சுற்றிக் கீழே இறங்குவதற்கான நடைபாதை ஒன்றும் முதலில் வேண்டும். எச்சரிக்கைப் பலகை இரண்டு வையுங்கள்: ஒன்று நன்றாக மேலே, மற்றொன்று கரையேறும் இடத்திலேயே. இரண்டும் படகில் வருபவரை நோக்கி இருக்க வேண்டும். சாலையை நோக்கி நட்ட பலகையால் பயனில்லை. மரம் வேண்டாம், கான்கிரீட் தூண் போடுங்கள். 2021 நவம்பர் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அக்கரையிலுள்ள வீட்டுக்காரர்களிடம் கேட்டு, அதற்கு மேலே எழுத்து வரும்படி செய்யுங்கள்.

இன்னொன்று. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடித்தான் நம்மிடம் வருகின்றன. பேச்சிப்பாறை அணையில் மறுகால் (உபரிநீர்) திறந்தாலும் பெருஞ்சாணி அணையில் திறந்தாலும் வந்து சேருவது இங்கேதான். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் ஜூனிலும் எச்சரிக்கை வேண்டும், அக்டோபர், நவம்பரிலும் வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. குழித்துறைச் சப்பாத்தின் மேல் தண்ணீர் ஓடினால் அன்று படகு இறக்கக் கூடாது என்பதை ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அனுமதியைப் பற்றியும் ஒரு சொல். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலன்கள் சட்டத்தில் இயந்திரமில்லாப் படகுகளுக்கும் தனி இயல் உண்டு. கரைப் புறம்போக்கில் படியோ தூணோ கட்டுவதானால் நீர்வளத் துறையிடமும் வருவாய்த் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லாக வாங்கிய அனுமதி, அதிகாரி மாற்றலாகிப் போகும் நாளில் கூடவே போய்விடும்.

பதில்: அருமனைக்காரன், இப்போது அமெரிக்காவின் வெர்மான்ட்டில்

ஐயா சொன்னதற்குப் பிறகு நான் சேர்ப்பதற்கு அதிகமில்லை. பங்கிடுவது பற்றி மட்டும் எழுதுகிறேன். இங்கே வடக்குக் காட்டுக் கனூ தடம் என்று ஒன்று, நியூயார்க் மாநிலத்தின் ஓல்ட் ஃபோர்ஜில் தொடங்கி, வெர்மான்ட், கனடாவின் கியூபெக், நியூ ஹாம்ப்ஷயர் வழியாக மெய்ன் மாநிலத்தின் ஃபோர்ட் கென்ட் வரை 740 மைல், அதாவது ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் போகிறது. 2006இல் திறந்தார்கள். அவ்வளவு நீளத்தையும் ஒரு குழு பார்த்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு துண்டையும் ஒருவரோ, ஒரு குடும்பமோ தத்தெடுத்துக்கொள்கிறார்கள். நான் எடுத்திருப்பது நடந்தே முடித்துவிடக்கூடிய ஒரு சிறு துண்டு. பருவம் தொடங்கும்போது ஒருமுறை போய், விழுந்த கிளை, அழிந்த அடையாளம், இடிந்த படி ஆகியவற்றைப் பார்த்து எழுதி அனுப்புவேன். என்னால் முடிந்ததை நானே சரிசெய்வேன். பெரிய வேலைக்கு மட்டும் எல்லாரும் கூடுகிறார்கள். எல்லாரும் எல்லா ஞாயிறும் வர வேண்டும் என்று வைத்தால், முதலில் களைத்துப்போவது அதிகம் உழைத்தவர்கள்தான்.

மெய்ன் கடற்கரையில் 1988இல் தொடங்கிய தீவுத் தடம் இதைவிடப் பழையது. அங்கே சில தீவுகள் தனியாருக்குச் சொந்தமானவை. உரிமையாளர்கள் விரும்பித்தான் படகோட்டிகளை இறங்க விடுகிறார்கள். குப்பை கிடந்தால் மறுத்துவிடலாம். அந்தப் பயத்தாலேயே தொண்டர்கள் தீவுகளைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். நம் ஆற்றங்கரைத் தென்னந்தோப்புக்காரர்களிடமும் இந்த முறை செல்லுபடியாகும் என்றே நினைக்கிறேன்.

பதில்: கடத்துக்காரர் மகள், வைக்கல்லூர்

தம்பிமார் தடம் போட நினைக்கும் ஆற்றில் தடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் கடவு, ஆற்றில் இறங்கும் துறை. கணபதியான்கடவு என்று பாலத்துக்குப் பெயர் சொல்கிறோமே, பாலம் வருவதற்கு முன்பு அங்கே இருந்தது கடவுதானே? என் அப்பா வேறொரு கடவில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆட்களைக் கரைகடத்த வள்ளம் போட்டவர். கடவு என்பது யாரோ கண்ட இடத்தில் வைத்ததல்ல. ஆறு வளையும்போது உள்வளைவில் ஓட்டம் தணிந்திருக்கும். அடியில் சேறில்லாமல் வெட்டுக்கல் பாறை இருக்கும். கரையிலிருந்து ஊருக்குள் தலைச்சுமையோடு ஏறிப்போக அகலமான பாதை இருக்கும். இந்த மூன்றும் கூடிய இடத்தில்தான் வள்ளம் கட்டினார்கள். நீங்கள் ஏழு பலகை நட்ட இடங்களில் எத்தனை பழைய கடவுகள் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளத்தில் தப்பிய நான்கும் கடவுகளாக இருந்தால் எனக்கு வியப்பில்லை.

கடவுக்கு ஆள் உண்டு என்பதுதான் அதைவிடப் பெரிது. அப்பா காலையில் முதல் வேலையாக தேங்காய்த் தொண்டு, அதாவது உரித்த மட்டை, ஒன்றை எடுத்து, கடைசி மூன்று படிகளின் பாசியைத் தேய்ப்பார். மேல்படிகளைத் தொடமாட்டார், வழுக்கி விழுகிறவர்கள் நீர்மட்டத்திலுள்ள படிகளில்தான் விழுகிறார்கள் என்பார். மழைக்காலத்தில் அந்த மூன்று படி நாளுக்கு நாள் மாறும், அவரும் மாற்றித் தேய்ப்பார். அதை யாரும் அவருக்குச் சம்பளம் வைத்துச் சொல்லவில்லை. பாலம் வந்த பிறகு வள்ளம் நின்றது, தேய்ப்பதும் நின்றது, படி இப்போது இருப்பதே தெரியாமல் கைதை (தாழை) மூடிக் கிடக்கிறது. வழிக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கைதையை வெட்டுங்கள். கரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான்.

ஆண்கள் எழுதும்போது மறந்துவிடுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கடவும் வள்ளக்கடவு அல்ல. பெண்கள் குளிக்கும் கடவுகள் இன்றும் உண்டு. விடியற்காலையில் தலைக்கவசமும் கண்ணாடியும் போட்ட நான்கு பேர் சத்தமில்லாமல் வந்து நின்றால் ஊரில் என்ன பேச்சு வரும்? காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் அந்தப் பக்கம் படகு போகாது என்று முதலிலேயே ஊரில் சொல்லி, அதன்படி நடந்துகொள்ளுங்கள். கீழே காயல் பக்கம் கயிற்றுக்காகக் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, அழுகப்போட்டு வைத்திருப்பார்கள். குச்சி நட்டிருக்கும் இடம் ஒருவருடைய பிழைப்பு என்று கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் முன்னோருக்குப் பலியிடும் வாவுபலிக்குக் கூட்டம் கூடும் நாளில் படகை இறக்கவே வேண்டாம்.

பதில்: சித்தூர்த் தமிழன், பாலக்காடு மாவட்டம்

எங்கள் சித்தூர்ப்புழைக்கு ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீரே உயிர். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கிடைக்க வேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட்ட நாளில்தான் எங்களுக்குப் படகு, மற்ற நாளில் நடைதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றை வைத்துக்கொண்டு நீங்கள் சலித்துக்கொள்வதைப் பார்த்தால் சற்றுப் பொறாமையாக இருக்கிறது.

ஆகாயத்தாமரை விஷயத்தில் உங்கள் உழைப்பு தப்பான இடத்தில் போகிறது என்று தோன்றுகிறது. உப்புநீர் அதற்கு ஆகாது. தடுப்பணைக்குக் கீழே, கோடையில் ஓதநீர் ஏறும்போது அது தானே கருகிவிடும், அங்கே வாராதீர்கள். அணைக்கு மேலே நன்னீர் தேங்கும் பகுதியில் மட்டும், அதுவும் மழை முடிந்து ஓட்டம் குறைந்தவுடன், அது சிறு சிறு கூட்டமாக இருக்கும்போதே எடுங்கள். வாரியதைக் கரையோரம் குவித்தால் அடுத்த வெள்ளம் திரும்ப ஆற்றில் சேர்த்துவிடும். தென்னை மூட்டில், அதாவது மரத்தடியில், போட்டு மக்கவிடுங்கள். விழுந்த மரங்களையும் முழுவதும் அப்புறப்படுத்த வேண்டாம். மீன் ஒதுங்குவதும் நீர்நாய் ஏறி உட்காருவதும் அவற்றில்தான். ஒரு படகு நுழையும் அகலத்துக்கு மட்டும் அறுத்தால் போதும்.

ஆற்றோரத்தான், முஞ்சிறை

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்ன பிறகு போய்ப் பார்த்தோம். நின்ற நான்கில் மூன்று பழைய கடவுகள். நான்காவது ஒரு கோயில் படித்துறை. கைதைக்குள் நுழைந்து பார்த்ததில், அக்காவின் ஊர்ப்பக்கத்தில் பதினோரு படிகள் வெட்டுக்கல்லில் முழுதாகவே இருக்கின்றன. கீழ்ப்படி ஒன்று மட்டும் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது.

பலகை நடுவதை நிறுத்திவிட்டோம். இருக்கிற பதினான்கு பேரையும் கடவுக்கு இருவராகப் பிரித்து, அவரவர் வீட்டுக்கு அருகிலுள்ளதையே கொடுத்திருக்கிறோம். வராமல் இருந்தவர்களில் நான்கு பேர், தம் கடவு என்றவுடன் அரிவாளோடு வந்துவிட்டார்கள். தடுப்பணைக்கு மேலே கரையேறும் இடத்துக்கான மனுவை ஐயா ஒருமுறை படித்துத் திருத்தித் தர வேண்டும். அக்கா, உங்கள் அப்பா வள்ளம் கட்டிய கல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சொல்லுங்கள். வரும் ஞாயிறு எட்டரை மணிக்கு அங்கேதான் இருப்போம்.

கடத்துக்காரர் மகள், வைக்கல்லூர்

கீழ்ப்படியிலிருந்து மேற்கே நான்கடி, புன்னை மரத்தின் வேருக்குள். இரும்பு வளையம் இருந்தது. இப்போது இருக்கிறதா தெரியாது. நானும் வருகிறேன், தொண்டு நானே கொண்டுவருகிறேன்.