30 பேரிடம் சொன்னேன், அவரிடம் சொல்லவில்லை

பதினோராவது வாரம். ஸ்கேனில் இதயத்துடிப்பு இல்லை. அதற்குப் பிறகு நடந்தவை இந்தக் குழுவில் எழுதும் பலருக்கும் தெரிந்தவைதான்.

அலுவலகத்தில் நானே சொன்னேன். "காய்ச்சலா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "இல்லை, கரு கலைந்துவிட்டது" என்றேன். குரல் நடுங்கவில்லை. ஒளித்து வைக்க இது என்ன குற்றமா? இரண்டு பெண்கள் என் பின்னாலேயே வந்து, தங்களுக்கும் நேர்ந்ததைச் சொன்னார்கள். அதில் ஒருவர் 19 ஆண்டுகளாக வாய் திறக்காதவர்.

அன்று இரவு, குளியலறை அலமாரியில் மிச்சமிருந்த கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பிரித்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டு கோடுகள். அட்டை காட்டும் கர்ப்ப ஹார்மோன், கரு கலைந்த பிறகும் சில வாரங்கள் உடம்பில் தங்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்தும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, இவ்வளவு நேரம்?" என்று வெளியிலிருந்து கணவர் கேட்டார். "முகம் கழுவுகிறேன்" என்று குழாயைத் திறந்துவிட்டேன். 30 பேரிடம் சொன்னவள் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அட்டை இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.

* * *

கதவுக்கு வெளியே நின்றவனின் இடத்திலிருந்து எழுதுகிறேன். என் மனைவியும் எல்லோரிடமும் சொன்னாள். பார்த்தவர்கள் எல்லாம் "மனைவி எப்படி இருக்கிறார்?" என்றார்கள். "தேறி வருகிறாள்" என்பேன். ஒருநாள் மேலாளர் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். பதில் வரவில்லை. லிப்டுக்குள் போய், பொத்தானை அழுத்தாமலே நின்றேன். மேலே யாரோ அழைத்திருக்க வேண்டும், அது என்னையும் தூக்கிக்கொண்டு போனது.

நியூசிலாந்தில் 2021-இல் கொண்டுவந்த சட்டப்படி, கருச்சிதைவுக்கு 3 நாள் ஊதியத்துடன் துக்க விடுப்பு உண்டு, துணைவருக்கும் சேர்த்து. 3 நாள் எந்த மூலைக்கு என்பது வேறு விஷயம். துணைவர் என்ற சொல்லைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

* * *

முதலில் எழுதிய தோழியோடு எனக்கு உடன்பாடில்லை. 'ஒளித்து வைக்க இது என்ன குற்றமா' என்ற கேள்வி, சொல்லாமல் இருப்பவர்களைக் குத்துகிறது. குற்றம் என்று நினைத்து நான் மறைக்கவில்லை. அது என்னுடையது, வைத்துக்கொண்டேன்.

அடுத்த கர்ப்பத்தின்போது, மாமியார் பக்கத்தில் இருக்கையில் செவிலியர் கேட்டார்: "இது எத்தனையாவது?" பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. மருத்துவரிடம் பொய் சொல்ல முடியாது. "இரண்டாவது" என்றேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்த கோப்பின் ஓரங்களை நேராக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இறங்கும்போது என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

* * *

எனக்கு இரண்டு முறை. இரண்டாவது முறை, பார்க்க வந்த ஒருவர் "மாடிப்படி ஏறி இறங்கியிருப்பாய்" என்றார். சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நான் பல மாதங்கள் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகவே இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். உறுதியான கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 20 வரை கலைகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். தொடக்கத்திலேயே கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். படி ஏறியதோ வேலைக்குப் போனதோ காரணமில்லை. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனைகிற அளவுக்குத் தொடர்ந்து இரத்தம் போனால், அல்லது காய்ச்சல் வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அடுத்தடுத்துக் கலைந்தால் காரணம் கண்டறியும் பரிசோதனைகளைக் கேளுங்கள். மூன்றாவது முறை வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை, இரண்டாவதற்குப் பிறகே செய்யும் மருத்துவர்கள் உண்டு. தோழி, மூன்று வாரம் கழித்து மறுபடி சோதித்தீர்களா? அப்போதும் இரண்டு கோடு என்றால் உள்ளே ஏதாவது தங்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டவேண்டும். அந்த அட்டையை எறிந்துவிடுங்கள். கணவரிடமும் சொல்லிவிடுங்கள்.

* * *

முதலில் எழுதியவள்தான். குற்றம் என்ற சொல் குத்தியிருந்தால் மன்னியுங்கள், எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டது அது.

அட்டையை எறிய மாட்டேன். மறுபடி சோதித்தேன், ஒரே கோடு. நல்ல செய்தி என்றார் மருத்துவர். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அழுதது அன்றுதான்.