கிழக்கு மாகாண சபையின் பெண் தவிசாளர்: அந்தக் கதிரையால் என்ன பிரயோசனம்?

வாவிக்கரை ரீச்சர் (மட்டக்களப்பு)
போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு மாகாண சபைப் பாடம் எடுத்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், நம்மட சபையைப் பொம்புளை ஆரும் நடத்தியிருக்காங்களா?" என்று கேட்டாள். கரும்பலகையில் ஆரியவதி கலப்பதி என்று எழுதினேன். வகுப்பில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 2012 செப்டம்பர் தேர்தலுக்குப் பிறகு கிழக்கு மாகாண சபையின் தவிசாளராக, அதாவது சபைக் கூட்டங்களை நடத்துகிறவராக, இருந்தவர். மொத்தம் 37 உறுப்பினர். ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. தனிப் பெரும்பான்மை ஒருவருக்கும் இல்லை. மூன்று இனத்து ஆட்களும் இருந்த அந்தச் சபைக்கு ஒரு பெண் தலைமை தாங்கியதை நம் பிள்ளைகள் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

வயல்காரன் (திருக்கோவில்)
ரீச்சர், உங்கள் கவலை விளங்குது. ஆனால் அந்தக் கதிரையை அளவுக்கு மீறி உயர்த்தாதீங்க. காசும் கையொப்பமும் முதலமைச்சரிடமும் ஆளுநரிடமும்தான். சபை ஒரு நியதிச்சட்டம் (மாகாண சபை போடுகிற சட்டம்) நிறைவேற்றினாலும் ஆளுநர் சம்மதிக்காமல் அது சட்டமாகாது. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தது ஞாபகமா? ஏழைகளுக்கு உதவுகிற சமுர்த்தியையும் வேறு சில நிறுவனங்களையும் ஒன்றாக்கி மத்திய அரசின் கீழ் கொண்டுபோகிற சட்டம். மாகாணங்களிடம் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கிழக்கு சபை அதற்குச் சம்மதம் கொடுத்தது. தன் அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்த சபைக்கு யார் தலைமை தாங்கினால் என்ன?

படுவான்கரைத் தங்கச்சி (கொக்கட்டிச்சோலை)
அண்ணன், சபைக்குள் இருந்து பார்க்காத ஆள்தான் இப்படிச் சொல்வார். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் மேலதிகப் பட்டியலில், அதாவது வட்டாரத்தில் நேரே வாக்குக் கேட்காமல் கட்சியின் பட்டியல் வழியாக, ஒரு பிரதேச சபைக்குப் போனவள் நான். எங்கள் ஊர் மதகு உடைந்து, மழை காலத்தில் பிள்ளைகள் முழங்கால் தண்ணிக்குள்ளால் பள்ளிக்கூடம் போனார்கள். மூன்று கூட்டத்தில் கை உயர்த்தினேன். மூன்று முறையும் "நேரம் போயிட்டுது" என்று அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். எழுதிக்கொண்டு போன தாள் நாலாய் மடிந்தபடி என் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. நாலாவது கூட்டத்தை வேறொருவர் நடத்தினார். என் பக்கம் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றார். அஞ்சு நிமிசம்கூடப் பேசவில்லை, மதகு கூட்டறிக்கையில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். யாருக்குப் பேச்சு, எந்தப் பிரேரணை முதலில் என்பதெல்லாம் அந்தக் கதிரையில்தான் தீருது. வாக்கு சமனாக விழுந்தால் முடிவு தவிசாளரின் வாக்கில்தான்.

வயல்காரன் (திருக்கோவில்)
தங்கச்சி, மதகுக் கதை மனதைத் தொட்டது. ஆனாலும் கேட்கிறேன், அன்று கூட்டம் நடத்தினவர் ஆணா பெண்ணா?

படுவான்கரைத் தங்கச்சி (கொக்கட்டிச்சோலை)
ஆண்தான். நல்ல மனிசன்.

வயல்காரன் (திருக்கோவில்)
அப்போ நான் சொல்ல வருவதும் அதைத்தான். நல்ல ஆள் வேணும், ஆணா பெண்ணா என்பது பிறகு.

வாவிக்கரை ரீச்சர் (மட்டக்களப்பு)
அது பிறகு இல்லை தம்பி. நம் பகுதியை யோசியுங்க. வீடும் வளவும் மகளின் பெயரில் எழுதுகிறோம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கண்ணகை அம்மனைத் தாயே என்று கும்பிடுகிறோம். ஆனால் கோயில் கூட்டத்தில் வண்ணக்கர்மார் (கோயிலை நிர்வகிக்கிறவர்கள்) எல்லாரும் ஆண்கள். சொத்தை நம்பிக் கொடுக்கிற சமூகம் கூட்டத்தை நடத்தக் கொடுப்பதில்லை. தங்கேஸ்வரி கதிராமன் 2004இல் மட்டக்களப்பிலிருந்து பாராளுமன்றம் போனார். 2008இல் சிவகீதா பிரபாகரன் மட்டக்களப்பு மாநகர முதல்வரானார். இரண்டு பேருக்குப் பிறகு வேறு பெயர் சொல்லப் பிள்ளைகளே யோசிக்கிறார்கள்.

இன்னொன்று. ஆரியவதி கலப்பதியின் பயணம் தவிசாளர் கதிரையோடு நிற்கவில்லை. 2015இல் முதலமைச்சர் மாறி, முஸ்லிம் காங்கிரசும் தமிழரசுக் கட்சி இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் சேர்ந்து அமைச்சரவை அமைத்தபோது, சுதந்திர முன்னணிக்காரரான அவர் வீதி அபிவிருத்தி அமைச்சராக அதற்குள் வந்தார். எல்லாக் கட்சிக்காரரும் இருக்கிற சபையை நடத்திப் பழகிய ஆளோடு வேலை செய்ய எதிர்த்தரப்பும் தயங்கவில்லை என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

வயல்காரன் (திருக்கோவில்)
அதைக் கட்சிக் கணக்கு என்றும் வாசிக்கலாம் ரீச்சர். சிங்களப் பிரதிநிதி ஒருவர் அமைச்சரவைக்குத் தேவைப்பட்டிருக்கும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வீதி அமைச்சு என்றால் கிராமத்துக்கு எட்டும். தவிசாளர் பதவி அதற்குப் படியாக இருந்தால், சரி, அது வெறும் கதிரை இல்லை.

என் ஆற்றாமை வேறு இடத்தில். அந்தச் சபையின் காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. ஆளுநர் ஆட்சிதான். 2019 கடைசியிலிருந்து 2023 வரை அனுராதா யகம்பத் என்ற பெண் ஆளுநரும் இருந்தார். அவரை சனாதிபதி நியமித்தார், நாம் தெரிவு செய்யவில்லை. என் வயலுக்குத் தண்ணி வரவில்லை என்றால் எந்த உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் நிற்பது?

படுவான்கரைத் தங்கச்சி (கொக்கட்டிச்சோலை)
அதில் உங்களோடு நூறு வீதம் நிற்கிறேன் அண்ணன். உள்ளூராட்சிக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தபடியால்தான் என்னைப் போல ஆட்கள் உள்ளே போனோம். அதிலும் வட்டார வேட்பாளரில் பெண்களுக்கு 10 வீதம்தான், மிச்சம் பட்டியலில். பட்டியலில் வந்தவள் என்று சபையில் எத்தனை தரம் கேட்டுவிட்டேன். மாகாண சபைத் தேர்தல் வந்தால், பட்டியலை எதிர்பார்க்காமல் நேரே வாக்குக் கேட்டுத்தான் நிற்பேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

வயல்காரன் (திருக்கோவில்)
நில்லுங்க தங்கச்சி. நான் அம்பாறை மாவட்டம், என் வாக்கு உங்களுக்குச் சேராது. ஆனால் மண்டூரில் என் அக்கா குடும்பம் இருக்கு. ஏழு வாக்கு. நானே வந்து சொல்கிறேன்.

வாவிக்கரை ரீச்சர் (மட்டக்களப்பு)
அந்த மதகுத் தாள் இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்க பிள்ளை. திங்கட்கிழமை வகுப்பில் காட்ட வேணும்.