காணிக்கைக் கவரில் 'காரணம்' என்று இருக்கிற இடத்தில் என்ன எழுத?

தையல் மிஷின் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதினதில்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக்கென்று, அதாவது ஆண்டவருக்கு நன்றி சொல்லிப் போடுகிற காணிக்கைக்கென்று, மஞ்சள் கவர் உண்டு. பெயர், தொகை, காரணம் என்று மூன்று கோடு அச்சடித்திருக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், மகனுக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, புது வண்டி எடுத்தது என்று அவரவர் எழுதிப் போடுவார்கள். சபைப் போதகரான ஐயர் பீடத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்து முடித்து மொத்தமாக ஒரு ஜெபம்.

எங்களுக்குக் கல்யாணம் 1999 மே மாதம். ஒரு வருஷம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் கவரில் பத்து ரூபாய் வைத்தார். மறுவருஷம் இருபது. அதற்கடுத்த வருஷம் முப்பது. வருஷத்துக்குப் பத்து என்று அவராகவே ஒரு கணக்கு. வாழைத்தார் ஏற்றுகிற லோடு வேன் ஓட்டினார். காலை நாலரைக்கே எழும்பி, அவரே காப்பி போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார். கையில் காசு புரண்ட வருஷத்திலும் கவரில் கூடாது, வேன் டியூ கட்ட முடியாமல் நின்ற வருஷத்திலும் குறையாது. போன மே மாதம் இருபத்தைந்து. "வெள்ளிவிழா ஆச்சே, ஆயிரமாவது வையுங்க" என்று கொழுந்தனார் சொன்னார். இவர் வைத்தது இருநூற்றைம்பது. "கணக்கை மாத்தினா அவருக்குக் குழம்பிரும்" என்று மேலே கையைக் காட்டினார்.

ஜனவரியில் போய்விட்டார். கிட்னி. பதினாலு மாசம் டயாலிசிஸ், வாரத்துக்கு இரண்டு நாள். அந்த வெள்ளிவிழா ஞாயிற்றுக்கிழமைகூட, முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்து, கையில் ஒட்டின பிளாஸ்திரியோடுதான் கோயிலுக்கு வந்தார்.

வருகிற ஞாயிறு எங்கள் கல்யாண நாளை ஒட்டி வருகிறது. கவரை எடுத்துவந்து மிஷின் மேலே வைத்து நாலு நாளாகிறது. பெயர் எழுதிவிட்டேன், இரண்டு பேர் பெயரும். தொகை 260, அதையும் எழுதிவிட்டேன். காரணத்துக்கு வந்ததும் பேனா நகர மாட்டேன் என்கிறது.

என் நாத்தனார், அவருக்கு மூத்தவர், "தாலி கழத்தினவ கல்யாண நாள் காணிக்கை போட்டா சபையிலே என்ன சொல்லுவாங்க?" என்று கேட்கிறார். அடக்கத்தன்று ஒரு பெரியவர் 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்ற வசனத்தைச் சொல்லி, இதுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லும்மா என்றார். சொன்னேன். வாய் சொன்னது, அவ்வளவுதான். அடக்க அறிவிப்பு நோட்டீசிலும் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்' என்று போட்டிருந்தார்கள்.

கவர் போடலாமா? போட்டால் என்ன எழுத? அவர் போனதற்கு ஸ்தோத்திரம் என்று எழுத என்னால் ஆகாது, அது பொய். போடாமல் விட்டால் அந்த இருபத்தைந்து வருஷமும் நடக்கவே இல்லை என்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

சகோதரிக்குக் கர்த்தர் ஆறுதல் தருவாராக. இரண்டு காரியத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்தோத்திரக் காணிக்கை வேறு, ஞாபகார்த்தக் காணிக்கை வேறு. பல சபைகள் சேர்ந்த சேகரத்தில் பதினோரு வருஷம் பொருளாளராக இருந்து கவர் பிரித்து எண்ணினவன் என்கிற முறையில் சொல்கிறேன். கல்யாண உடன்படிக்கை 'மரணம் நம்மைப் பிரிக்குமளவும்' என்பதுதான். ரோமர் 7:2 பாருங்கள், புருஷன் மரித்தால் மனைவி அந்தக் கட்டிலிருந்து விடுதலையாகிறாள். ஆகவே இருபத்தாறாவது கல்யாண நாள் என்று ஒன்று கணக்கில் வராது. ஜனவரியில் நினைவு நாள் வரும்போது ஞாபகார்த்தக் கவரில் போடலாம். பதிவேட்டிலும் ஒழுங்காக இருக்கும்.

ஜெபவீரன் எழுதியது:

சிஸ்டர், இப்படி யோசிக்க வைக்கிறதே சத்துருதான், இடம் கொடுக்காதீங்க!! ஆயிரம் ஸ்தோத்திர வரிகள் உள்ள 'ஆயிரம் ஸ்தோத்திரபலி' சின்னப் புத்தகமாகக் கிடைக்கும். தினமும் விடியற்காலையில் முழுவதும் சொல்லுங்க. சொல்லச் சொல்ல பாரம் இறங்கும். எனக்கு வேலை போனபோது இப்படித்தான் சொன்னேன், மூன்றே மாசத்தில் அதைவிட நல்ல வேலை கிடைத்தது.

தையல் மிஷின் எழுதியது:

அந்தப் புத்தகம் என் பையிலேயே இருந்தது தம்பி. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுநூறு வரைக்கும் போயிருக்கிறேன். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிடுவார்கள். குறை சொல்லவில்லை. நாலு மணி நேரம் அந்தப் பெஞ்சில் வேறு என்ன செய்ய? ஆனால் போன வேலைக்குப் பதில் இன்னொரு வேலை வரும். எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை.

வாத்தியார் ஐயா சொன்னது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் ஜனவரிக் கவர் அவர் செத்த நாளுக்கு. நான் கேட்டது மே மாதத்தைப் பற்றி.

ஆல்டோ குரல் எழுதியது:

அக்கா, கவரைப் போடுங்க. நீளமாக எழுதப் போகிறேன், கோபிக்காதீங்க.

முதலில் ரோமர் 7:2. புருஷன் இறந்தபின் அந்தப் பெண் வேறொருவரை மணந்தால் அது குற்றமில்லை என்பதற்கு அப்போஸ்தலன் பவுல் சொன்ன உதாரணம் அது. அதுவும் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தைப் பற்றிப் பேசுகிற இடம். இருந்த கல்யாணத்துக்கு நன்றி சொல்லக் கூடாது என்று அதில் எங்கே இருக்கிறது?

அப்புறம் அடக்கத்தன்று சொன்ன வசனம், 1 தெசலோனிக்கேயர் 5:18. 'எல்லாவற்றிலேயும்' என்றுதான் இருக்கிறது, 'எல்லாவற்றுக்காகவும்' இல்லை. பிரசங்கத்தில் இந்த வித்தியாசத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள், நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் எபேசியர் 5:20இல் 'எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்' என்றே இருக்கிறதே. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். அந்த வசனம் எனக்கு இன்னும் தொண்டைக்குள் இறங்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும்: அதே பவுல் தன் நண்பன் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைப் பற்றிப் பிலிப்பியருக்கு எழுதும்போது, 'துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு' தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார் (2:27). நண்பன் செத்திருந்தால் அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன் என்று அவர் எழுதவில்லை.

பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவும் அப்படித்தான். நோட்டீசில் போட்ட வசனம் முதல் அதிகாரம். மூன்றாம் அதிகாரத்திலேயே மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்க ஆரம்பித்துவிடுகிறார். அப்புறம் முப்பது அதிகாரத்துக்கு மேல் ஒரே வழக்கு. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது ஆறுதல் சொல்ல வந்து வியாக்கியானம் பண்ணினவர்களைத்தான், யோபுவை அல்ல (42:7). நாம் முதல் அதிகாரத்தை மட்டும் அச்சடிக்கிறோம்.

நான் சொல்ல வந்தது, பழைய ஏற்பாட்டில் பலிகளின் முறையைச் சொல்கிற லேவியராகமம் 7. யாரும் வாசிக்காத அதிகாரம், நானும் ஒரு வருஷம் வேதபாடப் பரீட்சைக்காகத்தான் வாசித்தேன். ஸ்தோத்திரபலி, அதாவது நன்றிப் பலி, செலுத்துகிறவர் புளிப்பில்லாத அதிரசம், அடை எல்லாம் கொண்டுவர வேண்டும். நம் வேதத்தில் அதிரசம் என்றே இருக்கிறது, பார்த்ததும் சிரிப்பு வந்தது. அதோடு புளித்த மாவில் செய்த அப்பமும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. மாவினால் செலுத்துகிற போஜனபலியில் புளித்த மாவு ஆகாது என்று முன்னால் சொல்லியிருக்கிறது (2:11), நன்றி சொல்கிற இடத்திலோ அது உள்ளே வருகிறது. ஏன் என்று அங்கே காரணம் போடவில்லை. எனக்குத் தோன்றுவது, நன்றி என்று கொண்டுவருகிறபோது சுத்தமானதை மட்டும் பொறுக்கிக் கொண்டுவர யாராலும் முடியாது. இது என் எண்ணம், உபதேசம் இல்லை.

இன்னொன்று, அந்தப் பலியின் இறைச்சியை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது (7:15). ஒரு முழு ஆட்டை ஒரு வீடு ஒரே நாளில் தின்று தீர்க்குமா? நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற நம் ஊர் அசனப் பண்டிகையில் அண்டா அண்டாவாக வடித்துச் சாயங்காலத்துக்குள் காலி பண்ணுகிறோமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அதனால் கவரோடு நிறுத்தாதீங்க அக்கா. அன்றைக்கு இரண்டு பேரையாவது வீட்டுக்குக் கூப்பிடுங்க.

நாத்தனார் சொன்னதற்கு: பாளையங்கோட்டையில் 1780இல் சபைப் பதிவேடு எழுதும்போது இருந்தது நாற்பது பேர். அதில் முன்னால் நின்றவர் குளோரிந்தா. விதவை. 1785இல் அங்கே கோயில் கட்டினதும் அவர்தான், பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றைக்கும் சொல்கிறோம். தாலி கழற்றினவள் பீடத்துக்குக் கிட்டே வரக் கூடாது என்றால் திருநெல்வேலித் திருச்சபைக்கு ஆரம்பமே இல்லை.

காரணம் என்ன எழுத என்று கேட்டீங்க. அதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதே.

கடலோரக் கத்தோலிக்கன் எழுதியது:

நான் ஆர்.சி. எங்களுக்குக் கவர் கிடையாது, பூசை எதற்காக என்று பூசைக் கருத்து எழுதிக் கொடுப்போம். எங்கப்பா கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. நான் அப்போது ஆறாவது. அம்மா ஒவ்வொரு வருஷமும் இரண்டு பூசை கேட்பாங்க. அப்பா போன நாளுக்கு ஒன்று, ஆன்ம இளைப்பாற்றிக்கு. இன்னொன்று அவங்க கல்யாண நாளுக்கு. அதில் 'நன்றியாக' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுப்பாங்க. எதற்கு நன்றி என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நற்கருணைக்குக் கிரேக்கத்தில் சொல்கிற எவுக்கரிஸ்தியா என்ற சொல்லுக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். ஆண்டவர் அந்த அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரி. காட்டிக்கொடுக்கிறவன் யார் என்று தெரிந்தே சொன்னார். அப்புறம் தோட்டத்துக்குப் போய், இந்தக் கிண்ணம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சவும் செய்தார். இரண்டும் ஒரே ராத்திரிதான்.

ரிட்டயர்டு வாத்தியார் எழுதியது:

ஆல்டோ குரல் என்னைச் சரியாகவே திருத்திவிட்டார். லேவியராகமத்தை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னபடியே இருக்கிறது.

ஒரு விஷயம் எழுதாமல் விட்டேன். என் மனைவி தவறி ஆறு வருஷம் ஆகிறது. நான் எந்தக் கவரும் போடவில்லை. ஞாபகார்த்தக் கவரும் போடவில்லை. இவ்வளவு நாளும் மற்றவர்கள் கவரைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதிவேடு ஒன்றும் குழம்பாது. போடுங்கள் அம்மா.

தையல் மிஷின் எழுதியது:

போட்டுவிட்டேன். சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை ராத்திரிவரை கோடு காலியாகத்தான் இருந்தது. 'நன்றியாக' என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் அது அந்தத் தம்பியின் அம்மா சொன்ன வார்த்தை, நான் எடுத்தால் இரவல் மாதிரி இருக்கும். ஞாயிறு விடியற்காலை முழிப்பு வந்தது, மணி பார்த்தால் நாலரை. இருபத்தைந்து வருஷமாக அந்த நேரத்துக்கு அடுப்படியில் சத்தம் கேட்கும். கருப்பட்டிக் காப்பி. அவர் குடித்துவிட்டு, எனக்கு ஒரு டம்ளர் என் தலைமாட்டில் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போவார். நான் எழும்பும்போது ஆறிப் போயிருக்கும். ஆறின காப்பியைத்தான் இத்தனை வருஷமும் குடித்தேன், ஒரு நாள்கூட அதை நினைத்துப் பார்த்ததில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்தபிறகு டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார். அவர் காப்பியை விட்டுவிட்டார். எனக்கு வைப்பதை மட்டும் விடவில்லை.

லைட்டைப் போட்டு அந்தக் கோட்டில் 'கருப்பட்டிக் காப்பிக்காக' என்று எழுதினேன். எழுதி ஒட்டியும் விட்டேன், திரும்ப யோசிக்கக் கூடாது என்று.

ஐயர் வாசிக்கும்போது இரண்டு பேர் பெயரையும் வாசித்தார். "ரூபாய் இருநூற்று அறுபது" என்றார். அப்புறம் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கவரைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்தார். எனக்கு வயிறு கலங்கியது. முந்தின கவரில் 'வீடு பால் காய்ச்சியதற்காக' என்று எந்தக் குரலில் சொன்னாரோ அதே குரலில், "கருப்பட்டிக் காப்பிக்காக" என்றார். வாலிபர் பக்கத்திலிருந்து லேசாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்த கவர் யாரோ ஒரு பிள்ளை பிளஸ் டூ பாசானதற்கு.

மத்தியானம் பக்கத்து வீட்டு அக்காவையும் நாத்தனாரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அதிரசம் கடையில் வாங்கினதுதான், சுடப் பொறுமையில்லை. நாத்தனார் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் காணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அவனா காப்பி போட்டான்? எங்க வீட்டிலே இருக்கும்போது தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டானே" என்றார். ஆமா மைனி, நிசமாத்தான் என்றேன். "கருப்பட்டி எவ்வளவு போடுவான்?" என்று கேட்டார்.