தோதாய் அணி தோற்றதை நேரில் பார்த்தவர்கள் இங்கே வாருங்கள்

நிஷிகசாய்க்காரன்:

டோக்கியோவுக்கு வந்த முதல் வருஷம். அலுவலகத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர், "சனிக்கிழமை சும்மாதானே இருப்பாய், வா, பேஸ்பால் பார்க்கலாம்" என்று ஜிங்கு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அவர் படித்தது டோக்கியோ பல்கலைக்கழகம். இங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, தோதாய்தான். அன்றைக்கு எதிரணி மெய்ஜி. கடைசி இன்னிங்ஸ் முடியும்போது ஸ்கோர்போர்டில் தோதாய் வரிசை முழுக்கப் பூஜ்ஜியம். மெய்ஜி எடுத்த ரன்களை எண்ணுவதை நான் பாதியிலேயே விட்டுவிட்டேன். மூத்தவர் பென்டோ சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "இன்றைக்குப் பரவாயில்லை, மூன்று ஹிட் அடித்தார்கள்" என்றார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் விவரம் கேட்டேன். வசேடா, கெய்யோ, மெய்ஜி, ஹோசெய், ரிக்கியோ, தோதாய் என்று ஆறு பல்கலைக்கழகங்கள் சேர்ந்த லீக் இது. 1925இல் தோதாய் சேர்ந்த பிறகுதான் கணக்கு ஆறானது. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு பருவம். ஒரு அணியோடு மோதும்போது இரண்டு ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு ஒரு புள்ளி. மற்ற ஐந்து பேரும் பலமுறை கோப்பை தூக்கியவர்கள். தோதாய் ஒருமுறைகூட இல்லை. போர் முடிந்த கையோடு 1946 வசந்தத்தில் இரண்டாம் இடம் வந்ததுதான் உச்சம். டோக்கியோவின் இன்னொரு பல்கலைக்கழக லீக்கில் கடைசி இடம் வந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை. எத்தனை முறை கடைசியில் வந்தாலும் அடுத்த பருவம் அதே ஜிங்கு, அதே ஐந்து எதிரிகள்.

நான் இதுவரை நேரில் பார்த்தது பதினொரு தோல்வி. ஜெயித்ததைப் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பொறாமைப்படக் காத்திருக்கிறேன்.

ஹொங்கோ ஆய்வு மாணவி:

ஜெயித்ததை நானும் பார்த்ததில்லை அண்ணா. ஆனால் அவர்கள் பயிற்சி செய்வதைத் தினமும் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தின் யாயோய் வளாகத்துக்குள்ளேயே அவர்களுடைய மைதானம் இருக்கிறது. 1937இல் கட்டியது, வளைவு வளைவாகக் கான்கிரீட் பார்வையாளர் மேடை, இப்போது பதிவு பெற்ற பண்பாட்டுச் சொத்து. கல்லூரி ஆட்டத்தில் மரமட்டைதான். ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அந்த 'டொக்' சத்தம் மரங்களுக்கு நடுவிலிருந்து வரும். அதை வைத்தே மணி ஐந்து தாண்டியதா என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் ஆய்வகத்துக்கு நான்காம் வருஷ மாணவன் ஒருவன் வந்தான். அணியில் வெளிக்கள ஆட்டக்காரன். மே மாதம் முழுக்கத் திங்கட்கிழமை வரும்போது மூக்கு தோலுரிந்திருக்கும். நுழைவுத் தேர்வுக்காக இரண்டு வருஷம் ரோனினாக, அதாவது எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் வீட்டிலிருந்து படித்தவன். தோதாயில் விளையாட்டு ஒதுக்கீடு கிடையாது. பந்து எவ்வளவு வேகமாக எறிந்தாலும் கணக்குத் தாளில் மதிப்பெண் வாங்கித்தான் உள்ளே வரவேண்டும். மற்ற அணிகளில் கோஷியென் உயர்நிலைப் பள்ளிப் போட்டியில் நாடே பார்த்த பையன்கள் இருப்பார்கள், பரிந்துரையில் சேர்ந்தவர்கள். "நான் கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்திருந்த கோடையில் இவன் டீவியில் வீசிக்கொண்டிருந்தான். இப்போது எனக்கு வீசுகிறான், அக்கா" என்றான் ஒருநாள். அடித்தாயா என்று கேட்டேன். "மட்டையில் பட்டது" என்றான். எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று. 2001இல் மெய்ஜி – தோதாய் ஆட்டம் ஒன்றில் இரண்டு பக்கமும் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், பெண்கள். ஆண்கள் லீக் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரிந்த அன்று ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் பேஸ் கிழவன்:

தம்பி, பதினொன்றெல்லாம் ஒரு கணக்கா? நான் 2012 முதல் போகிறேன். அப்போது அவர்கள் பெரிய சரிவுக்கு நடுவில் இருந்தார்கள். 2010 அக்டோபரில் வசேடாவை 4-2 என்று ஜெயித்தார்கள். அந்த வசேடா அணியின் பிட்சர் சாய்தோ யூகி. 2006 கோஷியெனில் கைக்குட்டையால் முகம் துடைத்தே தேசப் பிரசித்தி பெற்ற பையன். அவனையே வீழ்த்திவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு தோதாயின் வெற்றிக் கணக்கு நின்றது. அதன் பிறகு தோல்வி, தோல்வி, தோல்வி. 2013இல் யோமியூரி ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணியின் பழைய நட்சத்திர பிட்சர் குவாதா மசுமி சிறப்புப் பயிற்சியாளராக வந்தார். அவ்வளவு பெரிய ஆள் வந்து சொல்லிக்கொடுத்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. எழுபது, எண்பது, தொண்ணூறு. மைதானத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் அதிகமாக வர ஆரம்பித்தார்கள். நல்லதுக்கு வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

94 வரை போனது.

2015 மே 23, சனிக்கிழமை. மூன்று வருஷம் வெயிலிலும் தூறலிலும் உட்கார்ந்த நான் அன்றைக்குப் போகவில்லை. வாஷிங் மெஷின் பழுது பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆளும் வந்தார், நன்றாகச் சரிசெய்தார், குறை சொல்வதற்கில்லை. அவர் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியில் செய்தி வந்தது. ஹோசெய்க்கு எதிராகப் பத்து இன்னிங்ஸ், 6-4, தோதாய் வெற்றி. நான் போட்ட கூச்சலில் அவர் எங்கோ தண்ணீர் கசிகிறது என்று நினைத்துவிட்டார். மறுநாள் அவசர அவசரமாகப் போனேன். வெற்றி எனக்காகத் திரும்ப வந்து காட்டவில்லை.

வேறொருவர்:

//தோதாய் ஒருமுறைகூட இல்லை//

கோப்பை இல்லை, சரி. ஆனால் 1981 வசந்தத்தை விட்டுவிட்டீர்களே. அந்தப் பருவத்தில் வசேடா, கெய்யோ இரண்டு பேரிடமும் புள்ளி பறித்தார்கள். ஹொங்கோ வளாகத்தின் சிவப்பு வாசலை வைத்து 'அகாமோன் சூறாவளி' என்று பெயரே வைத்தார்கள். சூறாவளி அடித்தும் நான்காம் இடம்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

கந்தாவில் வேலை:

எல்லோரும் தோல்வியையே பேசுகிறீர்கள், ஆரம்பத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். மதிய இடைவேளையில் கந்தாவில் நடக்கும்போது ஒரு சிலை கண்ணில் பட்டது. பேஸ்பாலைப் பிடித்திருக்கும் பெரிய கை, பந்தின் மேல் உலக வரைபடம். 'ஜப்பான் பேஸ்பால் பிறந்த இடம்' என்று எழுதியிருந்தது. 1872இல் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் அங்கிருந்த பள்ளியில் பையன்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாராம். அந்தப் பள்ளி பின்னாளில் எதுவாக ஆனது தெரியுமா? தோதாயாகத்தான். நாட்டுக்கே ஆட்டத்தைக் கொண்டுவந்த வீட்டுப்பிள்ளைதான் இப்போது கடைசி பெஞ்சில்.

அதோடு நிற்கவில்லை. பின்னாளில் தோதாயோடு இணைந்த முதல் உயர்நிலைப் பள்ளி, 'இச்சிகோ' என்பார்கள், அதன் அணி ஒரு காலத்தில் எல்லோரையும் அடித்து நொறுக்கியது. 1896 மே மாதம் யோகோஹாமாவில் குடியிருந்த அமெரிக்கர்களோடு மோதி 29-4 என்று ஜெயித்தார்கள். நம் ஊரில் வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே தோற்கடித்தால் எப்படி இருந்திருக்கும், அப்படி ஒரு பேச்சாம் அப்போது. 1904இல் வசேடாவும் கெய்யோவும் அடுத்தடுத்து இச்சிகோவைத் தோற்கடித்தன. அத்தோடு அந்தக் காலம் முடிந்தது. மறுவருஷமே வசேடா கப்பலேறி அமெரிக்கா போய் விளையாடிவிட்டு வந்தது. அந்த வேகத்தைத் தோதாயால் பிறகு பிடிக்கவே முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படிப்பு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. மற்றவர்கள் ஆட்டக்காரர்களைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள், இவர்கள் வருகிறவர்களை வைத்து ஆடினார்கள்.

மூன்றாம் பேஸ் கிழவன்:

அப்படி வந்தவர்களிலும் முத்து உண்டு. மியாதாய் கோஹெய், இடதுகை பிட்சர். அவன் இருந்த 2017 இலையுதிர் பருவத்தில் ஹோசெய்யை இரண்டு ஆட்டம் ஜெயித்து 15 வருஷத்துக்குப் பிறகு ஒரு புள்ளி எடுத்தார்கள். அதை நான் பார்த்தேன். தம்பி பொறாமைப்படலாம். முதல் பேஸில் நின்ற பையன் பந்தைப் பிடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நொடி நின்றான். தோற்றால் எப்படி வரிசையில் நிற்பது என்று அவனுக்குப் பழக்கம், இது பழக்கமில்லை. பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, இருவரும் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம்.

மியாதாயை அந்த வருஷமே தொழில்முறை அணியான நிப்பன் ஹாம், புதுமுகத் தேர்வின் ஏழாவது சுற்றில் எடுத்தது. தோதாயிலிருந்து தொழில்முறைக்குப் போன ஆறாவது ஆள். அந்த ஹோசெய் வெற்றிக்குப் பிறகு மறுபடி 64 தோல்வி. 2021 மே 30ஆம் தேதி மறுபடியும் ஹோசெய்தான் மாட்டியது, 2-0. ஹோசெய் ரசிகர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

நிஷிகசாய்க்காரன்:

ஐயா, பொறாமைப்பட்டாயிற்று.

போன வாரம் என் மூத்தவரிடம் இந்த 94 பற்றிக் கேட்டேன். அந்த வருஷங்களில் வந்தீர்களா என்றேன். ஒரு பருவமும் விடவில்லையாம். எதற்கு என்று கேட்கவந்து நிறுத்திக்கொண்டேன். அவரே சொன்னார்: ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்க ஊக்கக் குழுக்களும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் வாழ்த்திக் கத்துவார்கள் அல்லவா, அப்போது தோதாய் பக்கத் தலைவன் கறுப்புச் சீருடையில் முதுகை வளைத்து, தொண்டை கிழிய ஜெயித்தவனின் பெயரைக் கத்துவான். மாணவனாக இருந்தபோது அந்த இடத்தில் நின்றவர் இவர். நான்கு வருஷத்தில் தன் பக்கம் ஜெயித்துக் கத்தியது மூன்றே முறையாம். மூன்று தேதிகளையும் சொன்னார்.

சாயங்காலம் அதே மைதானத்தில் தொழில்முறை அணியான யாகுல்ட் ஸ்வாலோஸ் ஆடும் நாட்களில் கல்லூரிக்காரர்கள் சீக்கிரம் இடத்தைக் காலி செய்ய வேண்டும். 1926இல் திறந்த மைதானம். அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் 1934இல் வந்து ஆடிய புல்வெளி. அதை இடித்துப் பக்கத்தில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். இருக்கிறபோதே போய்விடுவது நல்லது.

இந்தச் சனிக்கிழமை ரிக்கியோவோடு. காலையிலேயே தொடங்கிவிடும். தோதாய் எந்தப் பக்கம் உட்காருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறேன். ஹொங்கோ தங்கச்சி, உங்கள் பையன் படித்து முடித்துப் போய்விட்டானா, இன்னும் ஆடுகிறானா?

ஹொங்கோ ஆய்வு மாணவி:

முதுகலை சேர்ந்துவிட்டான் அண்ணா. சனிக்கிழமை அவனும் வருகிறான், பார்வையாளராக. காரம் கம்மியாக வையுங்கள்.