பாத்ரூம் தரைக்கு என்ன போட்டீர்கள்? பட்டதை எழுதுங்கள்

கும்பகோணத்து மகள்
ஹாலுக்கு வாங்கிய பளபள விட்ரிஃபைடு டைல்ஸ், ரெண்டடிக்கு ரெண்டடி, மீந்துவிட்டது. வீணாக்குவானேன் என்று கொத்தனார் அதையே பாத்ரூமுக்கும் ஒட்டினார், நாங்களும் சரி என்றோம். அம்மா செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பித்தளைச் சொம்பு உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. கதவைத் தள்ளினால் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறார்கள். தலையில் சீயக்காய் அப்படியே இருக்கிறது. ஒரு கை கதவு நிலையை இறுக்கிப் பிடித்திருந்தது. "ஒண்ணுமில்லடி, எந்திரிச்சிடுவேன்" என்றார்கள். முடியவில்லை. இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரில் நடக்கிறார்கள். தரையைப் பெயர்க்கப் போகிறோம், யாராவது சொல்லுங்கள்.

வேதாரண்யம் மருமகள்
கடப்பாக் கல் மட்டும் வேண்டாம் அக்கா. எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான். ஆறே மாதத்தில் கறுப்புக் கல்லில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்தது. ஆசிட் ஊற்றினால் போய்விடும் என்றார்கள், ஊற்றினேன். கல்லின் மேல் புஸ்ஸென்று நுரை பொங்கியது. கழுவிப் பார்த்தால் உப்போடு கறுப்பும் போய், சாம்பலாய்த் திட்டுத் திட்டாகச் சொரசொரத்தது. அந்த நுரை இன்னும் கண்ணில் நிற்கிறது.

திருவையாறு
குறை கல்லிடம் இல்லையம்மா, ஆசிட்டிடம். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, ஆசிட் பட்டால் பொங்கத்தான் செய்யும். எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றடியில் பாலீஷ் போடாத கடப்பாப் பலகை. பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் சனிக்கிழமை எண்ணெய் சொட்டச் சொட்ட அதன் மேல்தான் ஓடினோம், ஒருவரும் விழவில்லை. குளித்ததும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். நின்று காய்ந்தால்தானே உப்பு படியும்?

வேதாரண்யம் மருமகள்
கிணற்றடி வேறு, மூடிய பாத்ரூம் வேறு அண்ணா. அங்கே வெயில் காயவைக்கும். இங்கே ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரம்தான். ஆறு பேர் குளிக்கும் வீட்டில் ஒவ்வொரு முறையும் வைப்பரோடு யார் நிற்பது?

மன்னார்குடி
என் கதை சின்னது. வயலை நிரவிய மனை. கொட்டிய மண் இறுகுவதற்குள் தரை போட்டுவிட்டோம். இரண்டாம் வருஷம் ஒரு மூலை இறங்கி, தண்ணீர் ஓடுவதற்கு விட்ட சரிவு, அதாவது வாட்டம், மாறியது. தண்ணீர் வடிகால் ஜாலிக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்தது. காசால் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம்.

ஆனால் கும்பகோணத்து அக்காவுக்குச் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் 'ஆன்டி ஸ்கிட்', வழுக்காதது என்றால் அதோடு விடாதீர்கள், ஆர் எண் கேளுங்கள். ஆர் 9 முதல் ஆர் 13 வரை உண்டு, எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். அதுவும் எண்ணெய் தடவிய சரிவில் பூட்ஸ் காலோடு நடந்து கண்ட எண். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வகை இருக்கிறது, கிடைத்தால் அதையும் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று, பளபளப்பில்லாத மேட் டைல்ஸே போதும். சின்ன டைல்ஸ் என்றால் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும், இடுக்கு அதிகம் என்பதால் கால் பிடிக்கும். எட்டடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் வாட்டம் விடச் சொல்லுங்கள். இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டாம், பாசி பிடித்துக் கறுக்கும், எபாக்சி என்ற பிசின் கலவை போடுங்கள். பழையதை முழுக்கப் பெயர்த்து நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும். சுவரில் கைப்பிடிக் கம்பியும் இப்போதே வைத்துவிடுங்கள், பிறகு ஓட்டை போட்டால் டைல்ஸ் விரிசல் விடும்.

கும்பகோணத்து மகள்
எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவையே கடைக்கு அழைத்துப் போனோம். சின்னச் சீசாவில் நல்லெண்ணெயும் பொட்டலத்தில் சீயக்காயும் கொண்டுபோனேன். கடைக்காரர் மறுக்காமல் மாதிரிகளைத் தரையில் பரப்பி, தண்ணீரும் கொடுத்தார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் பாதத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். முதல் மூன்றிலும் காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்கள். நான்காவதில் கட்டைவிரலை ஊன்றி, அழுத்தி, என் கையைப் பிடித்து எழுந்து நின்றார்கள். மங்கிய சாம்பல் நிறம், ஒன்றுக்கு ஒன்று. எனக்கு நிறம் பிடிக்கவில்லை. அதையே வாங்கிவிட்டோம்.